அப்பா கொடுத்த தாடை

பெண் பிள்ளை அப்பன் ஜாடையில் பிறந்தால் யோகம் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அந்தக் கணக்குப்படி விழுப்புரத்திலேயே என்னைப் போல யோகக்காரி இருந்திருக்க முடியாது. காதுக்குக் கீழே நேராக இறங்கி, இரண்டு பக்கமும் மூலை வைத்துத் திரும்பும் அப்பாவின் சதுரத் தாடை அப்படியே எனக்கும் வாய்த்திருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த ஆம்பளைக்கு அது கம்பீரம். தாவணி போட்ட பெண்ணுக்கு? 1993இல் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் ‘டிரங்குப் பெட்டி’. வைத்தவள் என் உயிர்த்தோழி. நாசமாய்ப் போக!

அப்பாவுக்கோ தாங்க முடியாத பெருமை. யார் வீட்டுக்கு வந்தாலும் என் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டுவார். சந்தையில் மாட்டைக் காட்டுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

படித்து முடித்துத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்துப் பல்வலி என்று போன இடத்தில், டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “தாடை எலும்பு மூலையில அதிகமா இருக்கும்மா. வேணும்னா சீவிடலாம்” என்றார். ஏதோ பென்சிலைச் சீவுகிற மாதிரி! சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பேச்சு என் மண்டைக்குள் குடியேறிவிட்டது. கடைசியில் அவர் சொன்ன சென்னை டாக்டரையே போய்ப் பார்த்தேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். வாய்க்குள்ளேயே, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் கீறுவார்களாம், வெளியே தழும்பு தெரியாது. சின்ன மிஷினால் எலும்பின் மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவார்கள். எலும்பு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கீழ் உதட்டுக்குப் போகும் நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது, அது கெட்டால் உதடு மரத்துப்போகும். “நீங்க ஆசைப்படற அளவுக்கு எல்லாம் சீவ முடியாதும்மா. எலும்பு எவ்ளோ விடுதோ அவ்ளோதான்” என்றார். ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்தாள். அப்பா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“எம் மூஞ்சி உனக்கு அசிங்கமாவா கீது?”

“உன் மூஞ்சி உனக்கு நல்லா கீதுப்பா. எனக்கு வாணாம்.”

எனக்கு வாய் எப்போதும் அப்படித்தான். அன்றோடு அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், “அவள சாப்ட சொல்லு” என்று அம்மாவிடம் சொல்வார். நான் மட்டும் சளைத்தவளா? “எனக்குப் பசிக்கலன்னு சொல்லு” என்பேன். நடுவில் அம்மா பாடுதான் பேஜாரு.

ஆபரேஷனுக்கு அம்மாதான் துணைக்கு வந்தாள். கண் விழித்துக் கண்ணாடியைப் பார்த்தால், ஐயையோ! முகம் பூசணிக்காயாக வீங்கி, மோவாயிலிருந்து உச்சி வரை கட்டு. வீக்கம் மெதுவாகத்தான் வடியும் என்று சொல்லிக் காரில் அனுப்பிவைத்தார்கள்.

தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. காரை விட்டு இறங்கியதுமே எதிர்வீட்டு அக்கா கத்தினாள்: “ஐயோ, டீச்சருக்குப் பொன்னுக்கு வீங்கி!”

பொன்னுக்கு வீங்கி வந்து தாடை வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது எங்கள் ஊர் வழக்கம். பொன்னைக் கேட்டு வீங்குகிறதாம், போட்டால் வடிந்துவிடுமாம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் திறக்காது. அம்மாவுக்கோ இதைவிட நல்ல பொய் கிடைக்காது. “ஆமாக்கா, வந்திடுச்சி” என்றாள். அவ்வளவுதான். பிள்ளைகளை ஜல்தியாக உள்ளே இழுத்துவிட்டு, பெண்கள் ஆளுக்கொரு சங்கிலியோடு வந்துவிட்டார்கள். ஆடி மாதத்து அம்மன் மாதிரி நகையோடு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். நின்று பார்த்தார். “டாக்டர் சீவின தாடை இது” என்று ஒரு வார்த்தை போதும், நான் தெருவுக்கே சிரிப்பாகியிருப்பேன். அவர் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். “இத்தயும் போடு.” எல்லாரும் போனபின் அம்மாவிடம் முணுமுணுத்தார்: “சீவ சொன்னா, சேத்து வெச்சி அனுப்பிக்கிறானுங்க.” எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, தையல் சுருக்கென்று இழுத்தது.

அடுத்த நாள் முதல் கேப்பைக் கூழை அவரே துணியில் வடிகட்டிக் கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, “சூடு கம்மியா கீது” என்பார். என்னிடம் பேசவில்லையாம்!

வீக்கம் வடிந்தது. மூலைகள் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் அப்பா என் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. எதிரில் வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். பேசாமல் இருந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மறுபடி சென்னை டாக்டரிடம் காட்டப் போகும்போது அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அப்பா வந்தார். டாக்டர் என் கீழ் உதட்டைப் பஞ்சால் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்றார். அப்போது அப்பா முதல்தடவையாக வாயைத் திறந்தார்.

“சீவின எலும்ப இன்னா சார் பண்ணீங்க?”

“அது தூளாயிடுங்க. தண்ணியோட போயிடும்.”

“எங்க வூட்டு எலும்பு சார் அது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

திரும்பும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற வேண்டியிருந்தது. ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா பெரியவரே, அப்பனும் பொண்ணும் சண்டையா?”

அப்பா நிமிர்ந்தார். “எம் பொண்ணுன்னு உனக்கு எப்டி தெரியும்?”

“இத்த வேற சொல்லணுமா? உன்ன உரிச்சி வெச்சிக்கிது. அந்தக் கண்ணு, மூக்கு... மொறச்சிக்கினு ஒக்காந்துகிறத பாரு, ரெண்டும் ஒண்ணு!”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நெற்றி, கண், மூக்கு என்று மெதுவாக இறங்கி வந்தார்.

“தாடை?” என்று அவளிடமே கேட்டார்.

“தாடைக்கு இன்னா கொறச்சல்? பொண்ணுக்கு ஏத்த மாரி கீது.”

கூடையில் பாதியை வாங்கிவிட்டார் மனுஷன். விழுப்புரம் பஸ்ஸில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். நான் கையை நீட்டினேன். “நீ மெல்லக் கூடாது. வூட்டுக்கு வா, கூழு காச்சித் தரேன்” என்றார். என்னிடம்! நேராக என் முகத்தைப் பார்த்து! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்டக்டர் வந்து, எங்கே என்று கேட்டார்.

“விழுப்புரம் ரெண்டு” என்றார் அப்பா, வாய் நிறைய மல்லாட்டையோடு. அதோடு விட்டாரா? “எம் பொண்ணு. டீச்சரு. தாடைய சீவிக்கினு வந்துக்கிது, நல்லாத்தான் கீது!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.