அத்தை தெளித்த தண்ணீர்

அந்த வடிகட்டித் தாள் வெளுப்பாகவே இருந்தது. காற்றிலுள்ள தூசியைப் பிடித்து எடை பார்ப்பதற்காகக் கருவிக்குள் பொருத்தப்படும் தாள் அது. ராஜபாளையத்துக் காற்றை ஒரு பகலும் இரவும் இழுத்த பிறகு அது சாம்பல் நிறம் கொண்டிருக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்திருந்த கள ஆய்வாளர் அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவில் மனிதர்கள் குடியிருக்கிறார்களா இல்லையா என்று கேட்டார். மாடிப்படியில் நின்றிருந்த அத்தையின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமையை நான் பார்த்தேன்.

அத்தை எனக்கு உறவினர் அல்லர். நான்கு ஆண்டுகளுக்கு முன், முதுகலைத் தமிழ் முடித்த கோடையில் ஒரு தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றின் நிலத்தில் பெரிய வணிக வளாகம் கட்ட முன்வந்திருந்தார்கள். அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிடும் குழுவுக்குக் குறிப்பேடு எழுத உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலைப் பேருந்தில் போய், காற்றின் திசையையும் வெயிலின் நிலையையும் மணிக்கொரு முறை எழுதுவேன். கடைசிக் கட்டம் 'குறிப்புகள்'. அளவீட்டை மாற்றக்கூடிய எது நடந்தாலும் அங்கே எழுத வேண்டும். கருவி நின்றது ஆலை நிலத்தின் பின்வாசலை ஒட்டிய தெருவில், அத்தை வீட்டு மொட்டைமாடியில். முதல் நாள் நான் அவரை 'மேடம்' என்று அழைத்தேன். "நான் என்ன டீச்சரா? அத்தைன்னு கூப்பிடுட்டி," என்றார். அதன்பின் வேறெப்படியும் அழைக்க முடியவில்லை.

இளவயதிலிருந்து நூற்பாலையில் வேலை பார்த்தவர் அவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி, பேச்சின் நடுவில் மூச்சு இழுக்கும். உறிஞ்சும் மருந்துக் குப்பி எப்போதும் இடுப்புச் செருகலில் இருக்கும். அந்தத் தெருவிலோ நான்கு வீடுகளில் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடின. வளாகத்தின் சரக்கு லாரிகளைப் பின்வாசல் வழியாக, அதாவது அத்தையின் சன்னலை உரசிக்கொண்டு விடுவது என்று திட்டத்தில் இருந்தது. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அதுக்குத்தான மிஷின் வந்திருக்கு? அது பாத்துக்கிடும்," என்றார்.

மூன்றாம் நாள், முதல் அளவீடு தொடங்கவிருந்த காலையில் நான் வந்தபோது தெரு முனை முதல் முனை வரை நனைந்திருந்தது. தறிகளின் சத்தம் இல்லை. உச்சி வெயிலில் அத்தை குழாயை இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் தெளித்தார், மாலையிலும் தெளித்தார். எதிர்வீட்டுக்காரர் தறியை ஓட்டப் போனபோது, மிஷின் போகிற வரைக்கும் பொறுக்க மாட்டீரா என்று அத்தை வாசலில் நின்றே அதட்டியதும் என் காதில் விழுந்தது. இவற்றையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் குறிப்புக் கட்டத்தில் 'ஏதுமில்லை' என்றே எழுதினேன். எனக்குத் தினமும் மோர் கொடுக்கும் ஒருவரின் வீட்டுக் காரியத்தில் தலையிடுவது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாய்திறந்து கேட்கும் கூச்சம்தான் காரணம். அப்படி வாரத்துக்கு இரண்டாக மூன்று வாரம், ஆறு அளவீடுகள் போயின.

ஆறாவது அளவீட்டின் வெள்ளைத் தாளைப் பார்த்த அன்று ஆய்வாளர் எனக்குக் கணக்கை விளக்கினார். இப்போதுள்ள தூசியோடு லாரிகள் கிளப்பப்போகும் தூசியைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை அரசு விதித்த வரம்புக்குள் இருந்தால் லாரிகளுக்குப் பின்வாசல் வழி கிடைத்துவிடும். தெரு எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறதோ அவ்வளவு லாரிகளுக்கு அதில் இடமுண்டு. அதைக் கேட்டபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆறு நாளும் நான் எழுதியது தவறு என்று அவரிடம் சொன்னேன். பிறகு அத்தையிடம் அந்தக் கணக்கைச் சொன்னேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆலைக்கு அதிகாரிகள் கருவியோடு வரும் நாள்களில் பாதி இயந்திரங்களை நிறுத்தி, தரையைக் கூட்டி, தண்ணீர் தெளிக்கச் சொல்வார்களாம். முப்பது வருடம் அவர் கண்ட சோதனை அது ஒன்றுதான். "மிஷின் வந்தா சுத்தமா காட்டணும்னுதான தெரியும்? நம்ம தெரு மானம் போயிரக் கூடாதுன்னுல்ல தெளிச்சேன்," என்றார். பிறகு, "அன்னைக்கும் எங்க நெஞ்சுக்குள்ள இருந்ததத்தான் மறைச்சிருக்கோம்," என்று தமக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த ஆறு அளவீடுகளையும் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் குறிப்பேட்டில் காரணம் இருக்க வேண்டும் என்றார் ஆய்வாளர். என் 'ஏதுமில்லை'களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன். தண்ணீர் தெளிக்கப்பட்டது என்று மட்டும் எழுதி நிறுத்தப் போனேன். அவரைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. அத்தை விடவில்லை. "நாந்தான் தெளிச்சேன்னு எழுதுட்டி. எம்பேரையும் போடு."

இனி எம்புட்டுத் தண்ணீர் தெளிக்கலாம் என்று அவர் கேட்டதற்கு, "நாங்க வராட்டி எம்புட்டுத் தெளிப்பீங்களோ அம்புட்டு," என்றார் ஆய்வாளர். அன்றிலிருந்து காலையில் வாசலுக்கு ஒரு வாளி, அதோடு சரி. எதிர்வீட்டுக்காரரிடம் அத்தையே போய்த் தறியை ஓட்டச் சொன்னார். ஒரே மிஷினுக்கு எத்தனை சட்டம் என்று அவர் கேலி செய்ததையும் வாங்கிக்கொண்டார். புதிதாக அளந்த மூன்று மாதமும், தம் வீட்டுப் படியில் தூசி படிவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது என்று நினைக்கிறேன். விளக்குமாற்றைக்கூட எடுத்துப் பரணில் போட்டுவிட்டார், கை தானாகப் போய்விடும் என்று.

வளாகம் இப்போது திறந்துவிட்டது. சரக்கு லாரிகள் நெடுஞ்சாலைப் பக்கத்து வாசலில் நுழைகின்றன. ஆலையின் பின்வாசல் இருந்த இடத்தில் சுவர் நிற்கிறது. பேருந்தில் வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டிய பிற்பகல் நினைவுக்கு வரும். இந்தத் தெருவில் தூசி ஏற்கெனவே வரம்பைத் தொட்டிருப்பதால் லாரிகளை இவ்வழியே விட இயலாது என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"அப்ப நம்ம தெரு பெயிலா?"

"ஆமா அத்தை."

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குறிப்பேட்டின் நகல் இணைக்கப்பட்டிருந்த பக்கத்தைத் திருப்பச் சொல்லி, தம் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டார்.