ஒட்டில் விழுந்த பந்து

பெரிய கிளாக்கர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகமல்ல. அவருடைய வலது கையின் ஆட்காட்டி விரல். நீண்டு மெலிந்த விரல். நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் சிவப்பு மை இருக்கும். கந்தோரில் நாங்கள் எழுதும் கடிதங்களில் பிழை கண்டுபிடித்துக் கோடு போடுகிற மை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கண்டி போகம்பரை மைதானத்தில், அம்பயராக நின்ற அவருடைய அந்த விரல் மேகத்தைத் தொட்டுப் பார்க்கப் போவதுபோல மெல்ல மெல்ல உயர்ந்தது. எதிரே மட்டையோடு நின்றவன் நான். அப்போது நாற்பத்தேழு ஓட்டம் எடுத்திருந்தேன். அதற்கு முன் என் ஆயுளில் எடுத்த ஓட்டங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. என் மட்டையில் பந்து படுவதே ஒரு விபத்து என்று நண்பர்கள் சொல்வார்கள். அன்றைக்கு விபத்துக்கு மேல் விபத்தாக நடந்துகொண்டிருந்தது.

ஐம்பது எடுத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். எங்கள் கந்தோர், தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியுடையது. பின் விறாந்தையில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, ஒரு கறுப்புப் பலகை தொங்கியது. கந்தோருக்காக ஆடி ஐம்பது எடுத்தவர்களின் பெயரை அதில் வெள்ளை எழுத்தில் எழுதுவார்கள். நான்கு பெயர்கள்தான் இருந்தன. முதற்பெயர் பெரிய கிளாக்கருடையது; நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் எடுத்த ஐம்பது. தாகம் எடுத்தவன் எவனும் அந்தப் பெயர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் தண்ணீர் குடிக்க வேண்டும். ஐந்தாவது வரி என்னுடையதாக வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்குப் பெரிய இலட்சியம் எதுவும் இல்லை. கலியாணம் பற்றியும் யோசித்ததுண்டு. ஆனால் அதற்கு இன்னொருவரின் சம்மதம் வேண்டியிருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை கம்பளைக் கடைக்காரர்களோடு எங்கள் கந்தோர் ஆடும். தரையில் தும்புப் பாய் விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து, அதன்மேல்தான் ஆட்டம். எங்கள் பாய் மிகப் பழையது. வாவிப் பக்கத்து விக்கெட்டில் மட்டை பிடித்து நிற்பவனுக்கு வலப்புறமாக, அவன் காலுக்கு இரண்டு எட்டு முன்னால், பாய் கிழிந்து சாக்குத் துண்டால் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டு ஸ்டம்புக்கு நேரே இல்லை, ஒரு சாண் வெளியே என்பது ஆட்டம் பார்க்க வருகிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்துச் சட்டமும் எல்லோருக்கும் தெரியும். பந்து ஸ்டம்புக்கு நேராக விழுந்து காலில் பட்டால்தான் எல்.பி. அவுட். வெளியே விழுந்து உள்ளே திரும்பிப் பட்டால் அவுட் இல்லை. ஆகவே ஒட்டில் விழுந்த பந்து எவனுடைய காலில் பட்டாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அன்று கம்பளையின் வேகப் பந்துக்காரர் போட்ட பந்து ஒட்டின் நடுவிலே விழுந்தது. சாக்குத் தூசி பறந்ததை நான் கண்ணால் கண்டேன். பந்து உள்ளே திரும்பி என் முழங்காலில் அடித்தது. நான் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டிருந்தபோது, பந்துக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு சத்தம் போட்டார். விரல் எழுந்தது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடிக்கிற கட்சியே அம்பயரைத் தருவது எங்கள் வழக்கம். சொந்த ஆளுக்குச் சொந்த அம்பயர் எல்.பி. கொடுத்ததை அதற்கு முன் கண்டியில் யாரும் பார்த்ததில்லை. கம்பளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு என்று நினைத்து நான் மட்டையை உயர்த்தியும் காட்டிவிட்டேன். கைதட்டல் எனக்கல்ல.

“மனுசன்னா இவருதாண்டா! தன் ஆளுக்கே கை தூக்கிட்டாரு பாரு!”

“ஐயா, ஒட்டில விழுந்துச்சுங்க” என்றேன் போகிற வழியில்.

“நேராத்தான் விழுந்தது. போம், தம்பி” என்றார் பெரிய கிளாக்கர்.

யாழ்ப்பாணத்துக்காரர். கந்தோரில் எல்லோரையும் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார். அவரைவிட இரண்டு வயது மூத்த காவல்காரரையும்கூட. அந்தக் கைதட்டலைக் கேட்டு அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டதை நான் பார்த்தேன். என்னுடைய மூன்று ஓட்டத்தை விற்று நீதிமான் பட்டம் வாங்கிக்கொண்டார் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். இந்த ஆளை ஒருநாள், இதே பாயில், இதே சனத்துக்கு முன்னால் அவுட்டாக்கி வெளியே நடக்க வைக்காவிட்டால் நான் ஆம்பிளை இல்லை என்று பேராதனைக்குப் போகும் ரயிலில் சத்தியம் பண்ணினேன். பெட்டியில் என்னைத் தவிர யாரும் இல்லாததால் சத்தமாகவே பண்ணினேன்.

பழிவாங்குவது எளிதான வேலை அல்ல. அதற்கும் ஒரு திறமை வேண்டும். மட்டை பிடிப்பதில் எனக்கிருந்த அதே திறமைதான் இதிலும் இருந்தது. அவருடைய சிவப்பு மையைத் தீர்த்துவிடலாம் என்று வேண்டுமென்றே கடிதங்களில் பிழை விட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் நான்கு முறை எழுத வைத்தார். என் மைதான் தீர்ந்தது. கந்தோர் பூனையை அவருடைய கதிரைக்குப் பழக்கினேன். ஒரு மாதத்தில் பூனை அவர் மடியில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சீறியது.

இப்படியே வருடங்கள் போயின. அதற்கிடையில் லண்டன்காரர்கள் சட்டத்தில் கைவைக்கத் தொடங்கினார்கள். முதலில் ஸ்டம்பை உயரத்திலும் அகலத்திலும் ஒவ்வோர் அங்குலம் கூட்டினார்கள். கொழும்புப் பேப்பர் காலை ரயிலில் வந்து சேர்ந்ததும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கும் இடம், ஸ்டேசனுக்குப் போகும் தெருவில், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் தேத்தண்ணிக் கடை. அடிக்கிறவன் பாடு இனி அவ்வளவுதான் என்று பாதிப் பேர். இனிமேல்தான் ஆட்டம் சூடு பிடிக்கும் என்று மீதிப் பேர். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எனக்கு எந்த அளவு ஸ்டம்பும் போதும்.

முப்பதுகளின் நடுவில்தான் பெரிய இடி விழுந்தது. எல்.பி. சட்டத்தையே மாற்றினார்கள். பந்து மட்டைப் பக்கமாக வெளியே விழுந்து உள்ளே திரும்பி, ஸ்டம்புக்கு நேரே இருக்கும் காலில் பட்டாலும் இனி அவுட். கால் பக்கமாக வெளியே விழுந்தால் மட்டும் பழையபடி அவுட் இல்லை. அன்று நானாவின் கடையில் நிற்க இடமில்லை.

“எங்கள்ட்ட ஒரு சொல்லு கேட்டானா? அங்க குந்திக்கிட்டு எங்கட காலுக்குச் சட்டம் போடுறான். நாளைக்குத் தலைக்கும் போடுவான்” என்றார் நானா, கோப்பையை ஓங்கி வைத்து.

“போடட்டும் நானா. காலை முன்னுக்கு நீட்டிக்கிட்டு நாள் பூரா தூண் மாதிரி நிக்கிறானுங்களே, அவனுங்களுக்கு இதுதான் மருந்து” என்றார் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் பந்து போடுகிறவர்.

“அப்ப அடிக்கிறவன் என்ன, பறந்துக்கிட்டா அடிக்கிற?”

“மட்டைன்னு ஒண்ணு குடுத்திருக்கில்ல? அதால அடிக்கச் சொல்லுங்க.”

இரண்டு மணிநேரம் கத்திய பிறகு, எல்லோருக்கும் விளங்கும்படி சட்டத்தை வாத்தியார் ஒரே வரியாகச் சுருக்கினார்: “ஒட்டில விழுந்தா முந்தி இல்ல; இனி அவுட்.” அதுதான் எங்கள் ஊரின் சட்டப் புத்தகம் ஆயிற்று. லண்டனில் என்ன எழுதியிருந்தால் என்ன, எங்களுக்கு அந்தச் சாக்குத் துண்டுதான் எல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரிய கிளாக்கர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பேப்பரை வாங்கி, நின்றபடியே படித்து, மடித்து வைத்தார்.

“லண்டன்காரருக்கு இப்பத்தான் விளங்கியிருக்கு. நான் அண்டைக்கே குடுத்தனான்.”

கடை சிரிப்பால் நிறைந்தது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. “அப்ப தம்பி, நீங்க சட்டத்துக்கு முந்தியே அவுட்டான ஆளு!” என்றார் நானா. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தேன். தேத்தண்ணி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. அதுவும் வசதியாகப் போயிற்று.

அத்தனை வருடமும் ‘நேராத்தான் விழுந்தது’ என்று சாதித்தவர், அன்றைக்கு ஒட்டில்தான் விழுந்தது என்று தம் வாயாலே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்டு, அதையே தலையில் கிரீடமாகவும் சூட்டிக்கொண்டார். அநியாயம் செய்தவரை மன்னிக்கலாம் என்று மாதா கோவிலில் பாதர் சொல்வார். அநியாயம் செய்துவிட்டுத் தீர்க்கதரிசியாகிறவரைப் பற்றிப் பாதர் ஒன்றும் சொன்னதில்லை. அன்றிரவே அந்தப் பேப்பர்த் துண்டை வெட்டி எடுத்துச் சட்டத்தை மனப்பாடம் செய்தேன். ஆட வரச்சொல்லி என்னை யாரும் கூப்பிடுவது நின்று போயிருந்ததால், அம்பயர் வேலைக்கு நானாகவே பெயர் கொடுத்தேன்.

இரண்டு வருடம் காத்திருந்தேன். பெரிய கிளாக்கருக்குப் பென்ஷன் கிடைக்க மூன்று மாதம் இருக்கையில், கம்பளை ஆட்டத்தன்று எங்கள் ஆள் ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தது. தலை நரைத்த பெரிய கிளாக்கர் கோட்டைக் கழற்றிவிட்டு, பதினைந்து வருடத்துக்குப் பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பந்து போடும் பக்கத்தில் அம்பயராக நின்றவன் நான். கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்கு நம்பினேன்.

அவர் எழுதுவது வலது கையால். மட்டை பிடிப்பது இடக்கைக்காரராக. அவர் ஆடிப் பார்த்தவர்கள் அந்த மைதானத்தில் நாலு பேர் இருந்தால் அதிகம்.

நன்றாக ஆடினார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இளந்தாரிகள் ஓடி ஓடிப் போட்ட பந்துகளை, பிழைக்குக் கோடு போடுவதுபோல அலட்டாமல் திருப்பிவிட்டார். நாற்பத்துமூன்றில் நிற்கிறார் என்று ஓட்டம் எழுதுகிறவர் கத்தினார். பலகையில் இரண்டாவது தடவை ஒரே பெயர் வரப்போகிறது. சனம் எழுந்து நின்றது. வாவிப் பக்கத்து விக்கெட்டில் அவர். பந்து வந்தது, ஒட்டில் விழுந்தது, தூசி பறந்தது, உள்ளே திரும்பி அவர் காலில் பட்டது.

“ஒட்டு! ஒட்டு! புதுச்சட்டம்! அவுட்டு!” மைதானமே அலறியது. வாத்தியார் தொப்பியைத் தூக்கி எறிந்தார்.

வலக்கைக்காரனுக்குத்தான் அந்த ஒட்டு மட்டைப் பக்கம். இடக்கைக்காரனுக்கு அது கால் பக்கம். பழைய சட்டத்திலும் அவுட் இல்லை, புதிய சட்டத்திலும் அவுட் இல்லை. இது அந்த மைதானத்தில் இரண்டே பேருக்குத்தான் உறைத்தது. ஒருவர் மட்டையோடு நின்றார். மற்றவன் நான். நான் அவசரப்படவில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்டேன். பிறகு கையைத் தூக்கினேன், மெல்ல மெல்ல.

அவர் ஒட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். ‘நேராத்தான் விழுந்துச்சு, போங்க ஐயா’ என்ற வசனத்தைக் கண்ணாடி முன்னால் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பேன்! அவரோ மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போனார். வசனம் வீணாய்ப் போயிற்று. கம்பளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

“கண்டிக்காரனுங்க நேர்மைக்குப் பிறந்தவனுங்கடா! இவனும் தன் ஆளுக்கே தூக்கிட்டான்!”

நானும் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். பூனை மடியில் இருந்தது.

“தம்பி, நான் இடக்கையன் எண்டது உமக்குத் தெரியுந்தானே?”

“தெரியுங்க ஐயா.”

“பந்து எங்க விழுந்ததெண்டும் கண்டனீரோ?”

“கண்டேங்க.”

“கண்டுதான் தூக்கினீரோ?”

“கண்டுதாங்க தூக்கினேன்.” சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

அவர் பூனையைத் தடவினார். “அண்டைக்கு உம்மட பந்தை நான் காணேல்லை. பந்துக்காரன்ர கால் கோட்டைத் தாண்டுதோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நிமிந்தா நீர் துள்ளுறீர், அவன் கத்துறான். காணேல்லை எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது; தூக்கிப்போட்டன். பேந்து அவங்கள் கைதட்டிப்போட்டாங்கள். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?” பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். “எனக்குக் கண் பிழைச்சது, தம்பி. உமக்கு ஒண்டும் பிழைக்கேல்லை. போய் வேலையைப் பாரும்.”

எட்டு வருடம் நான் தீட்டித் தீட்டி வைத்திருந்த கத்தியை வாங்கி, மெதுவாக என் வயிற்றிலேயே வைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு எப்படிப் பதிலுக்குப் பதில் கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பென்ஷன் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார். சில வருடங்களில் காலமும் ஆகிவிட்டார். ஒரு பழியைக்கூட ஒழுங்காக முடிக்க விடாத மனிதர்.

இப்போதெல்லாம் ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறேன். சட்டத்தை மாற்றினார்கள், மாற்றப் போகிறார்கள் என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று ஒரு கூட்டம், ஆட்டம் பிழைத்தது என்று ஒரு கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் என் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புதுச் சட்டத்தையும் கவனமாகக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு கண்ணை மூடி, தும்புப் பாயை விரித்து, அந்த மனிதரை இடக்கைக்காரராகவே நிறுத்தி, இந்தச் சட்டப்படி முறையாக அவுட் ஆக்க முடியுமா என்று பார்க்கிறேன். இதுவரை மூன்று தடவை ஆக்கியிருக்கிறேன். மூன்று தடவையும் பந்து சரியாகத்தான் விழுந்தது. ஆனால் அந்த மனிதர் நடக்க மாட்டேன் என்கிறார்.