சித்தியின் கண்ணாடிச் சட்டை

என் சித்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தவள். வேலை போன பிறகு புதுச்சேரிக்குப் போய், கண்ணாடியை உருக்கி அச்சில் வார்த்துச் சிற்பம் செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். பல்லடம் ரோட்டில் பழைய குடோன் ஒன்றைப் பிடித்து, கண்ணாடியில் சட்டை வார்க்க மின்சாரச் சூளை வைத்தாள்.

"போட முடியாத சட்டைக்கு இத்தனை கரண்டா?" என்றார் அப்பா.

"பாக்கறதுக்குத்தானுங்க மாமா" என்றாள் சித்தி. சென்னையில் அவளுடைய முதல் கண்காட்சி வரவிருந்தது.

எனக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறை முழுக்க அந்தக் குடோனில்தான் கிடந்தேன். சித்தி ஒரு குழந்தைச் சட்டையை மெழுகில் அப்படியே பிரதியெடுத்திருந்தாள். பின்னலின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. நெஞ்சுப் பக்கம் மிளகளவு ஓட்டை ஒன்றும் தெரிந்தது. சென்னைக்காரர்கள் சிரிப்பார்களே என்று எனக்கு ஒரே கவலை. சித்தி டீ வாங்கப் போன நேரத்தில் கொஞ்சம் மெழுகை உள்ளங்கையில் உருட்டி இளக்கி, ஓட்டையை அடைத்து, குண்டூசியால் கண்ணிகள் கூடக் கீறிவிட்டேன்.

மெழுகைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிகளைப் போட்டுச் சூளையை மூடினாள். ஒரு வாரம் திறக்கக் கூடாதாம், சட்டென்று ஆறினால் விரிசல் விட்டுவிடுமாம். தினமும் நாலு தடவை சூளையைச் சுற்றி வந்தேன்.

திறந்த அன்று அம்மாவும் வந்திருந்தாள். பிளாஸ்டரைத் தட்டித் தட்டி உதிர்க்க, உள்ளிருந்து இளநீர் நிறத்தில் சட்டை வெளியே வந்தது. நான் குதித்தேன். சித்தி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் நெஞ்சுப் பக்கம் தடவினாள்.

"இங்கொரு ஓட்டை இருந்துச்சே."

"நாந்தாஞ் சித்தி அடைச்சேன். தெரியவே இல்ல பாத்தீங்களா?"

அம்மா கையை ஓங்கினாள். "அந்த ஓட்டையப் பாக்காம உட்டதுக்குத்தான்டி இவளை வேலைய உட்டு அனுப்புனாங்க. அதத்தான் செஞ்சிட்டிருக்கா."

சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடுக்கா. செக்கிங்ல இருந்த என் கண்ணுக்கே தெரியல. நல்ல வேலைக்காரி." சிரிக்கத் தொடங்கியவள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

கண்காட்சிக்குப் பத்தே நாள். அன்று சாயங்காலமே புதிய மெழுகு எடுத்தாள். சென்னைக்கு வேன் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சூளையைத் திறந்தபோது அப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். சட்டை விரிசல் விடாமல் வந்திருந்தது. ஜன்னலில் பிடித்தபோது ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெயில் தரையில் விழுந்தது. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

சென்னையில் அந்தச் சட்டையின் முன்னால்தான் கூட்டம். இரண்டாம் நாளே ஒருவர் வாங்கிப் போய்விட்டார். முதல் சட்டையைச் சித்தி பனியன் துணியில் சுற்றி என்னிடம் தந்தாள். "இது உன்னுது கண்ணு."

ஓட்டைச் சட்டையை ஊராருக்கு விற்றுவிட்டு நல்ல சட்டையைச் சித்தி எனக்கே கொடுத்துவிட்டாள் என்று, பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.