கடை மூடியிருந்தும் வந்த வாசனை

தெருவுக்கே அவள் பார்லர் அக்கா. ஒற்றை நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, ஓயாத வாய், இவ்வளவுதான் கடை. பள்ளிக்கூட நாளிலிருந்தே இன்சுலின் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவள். ஊரார் நகங்களைத் துடைத்துத் துடைத்து நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை அவள் துணியிலேயே ஊறிவிட்டது.

"பார்லரை மடியில கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா அண்ணி?" என்று நாத்தனார் தினமும் வம்புக்கு இழுப்பாள்.

ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. வாந்தி வேறு.

"வயித்துல ஒண்ணுமே இல்ல, ஊசி எதுக்கு? சர்க்கரை இறங்கிடும்" என்று அவளாகவே ஊசியை நிறுத்திவிட்டாள். அங்கேதான் வந்தது வினை! பட்டினி கிடந்தாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும். இன்சுலின் கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்.

நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்த நாத்தனார், வாய்வரை வந்த கேலியை அப்படியே விழுங்கினாள்.

"அண்ணி, நீங்க கடைப்பக்கமே போகல. குளிச்சு, துணியும் மாத்தியாச்சு. அப்புறம் ஏது இந்த ரிமூவர் வாசனை?"

அண்ணிக்கு ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. சர்க்கரை பார்க்கும் கருவியில் எண்ணே வரவில்லை, அளவு அதன் எல்லையையே தாண்டியிருந்தது.

"அண்ணா, வண்டிய எடு!"

ஆஸ்பத்திரியில் சொட்டு சொட்டாக உப்பு நீரும் இன்சுலினும் ஏறின. மறுநாள் கண் விழித்தவளிடம் டாக்டர் சொன்னார்: "கொழுப்பு எரிஞ்சு ரத்தத்துல சேர்ந்த கீட்டோனால, அந்த வாசனை உங்க மூச்சுல இருந்து வந்ததும்மா. இன்னும் தாமதிச்சிருந்தா உயிருக்கே ஆபத்து. சாப்பிடலேன்னாலும் ஊசியை நீங்களா நிறுத்தாதீங்க. எங்களைக் கேளுங்க."

அவர் நகர்ந்ததும் அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "என்னடி, மோப்பம் பிடிச்சியாமே?"

"வாய் வந்துடுச்சு! இனி கவலையில்ல" என்று சிரித்துக்கொண்டே அழுதாள் அவள்.

இப்போது கடைக் கண்ணாடியின் கீழே சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் இருக்கின்றன. ரிமூவர் நெடிக்கு நடுவே எந்த மூக்கால் என்ன பயன்! போன மாதம் மறுபடியும் காய்ச்சல் வந்தது. ஊசியை விடவில்லை. டாக்டரைக் கேட்டு அளவை மாற்றினாள், தண்ணீர் குடித்தாள், பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே எழுந்துவிட்டாள்!

கடைக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்தாள் நாத்தனார், போக்குவரத்துப் போலீஸ் தோரணையில்.

"ஊதுங்க அண்ணி."

ஊதினாள்.

"வெறும் வெங்காய நாத்தம். போகலாம், போகலாம்!"