ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் வெடிக்காத வெடி

ரேடியோவில் வக்கீலைச் சுட்டபோது எங்கள் ஊரில் ஒருவரும் கலங்கவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்துக்கு முன்னால், கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே ஊரே உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத் தொடர் நாடகம். வாரக்கணக்காக எல்லோரும் உயிராகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த வக்கீல் மார்பில் குண்டு பாய்ந்து, மனைவியின் மடியில் சாய்ந்து, கடைசி வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தார். கீழே வேறு பேச்சு ஓடியது.

"இது என்ன வெடியாம்?"

"வெடியா? கதவ அடைச்சிருக்கான்."

"கதவு இல்லக்கா, பலகையப் பலகையில தட்டுதான். மருந்து வெடிச்சா பின்னால ஒரு இழுப்பு இருக்கும்ல?"

வக்கீல் செத்துப்போனார். என்ன சொல்லிவிட்டுச் செத்தார் என்பது எங்கள் ஊருக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்குப் பக்கம். நிலம் வைத்திருப்பவர்கள் போக மற்றவர்களுக்குப் பட்டாசுக் கம்பெனிகளில்தான் வேலை. பகலெல்லாம் வெடி சுற்றி, திரி வைத்து, சோதனைக்குப் போடுகிற வெடியைக் காதால் எடைபோட்டுவிட்டு வருகிறவர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாம் சரக்கு. நல்ல சரக்கு அல்லது நமத்த சரக்கு. வக்கீலின் மனைவி கதறிக்கொண்டிருந்த அந்த இடத்தில்தான் எனக்கு எண்ணம் வந்தது. இந்த ஊருக்கு நாடகம் போடுவதென்றால் நிஜச் சத்தத்தோடு போட வேண்டும். அதை நான் போட வேண்டும்.

எனக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. விருதுநகரில் கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் ரேடியோ நிலையத்துக்கு நாடகம் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அனுப்பியதெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

அந்த வாரமே பஞ்சாயத்து ரேடியோ கெட்டுப்போய் மதுரைக்கு ரிப்பேருக்குப் போனது. அதை நான் ஒன்றும் செய்யவில்லை. ஊரில் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் கட்டுகிற அண்ணாச்சியிடம் போய் நின்றேன். கல்யாணம் இல்லாத மாதம். செட் சும்மாதான் கிடந்தது.

"ஞாயித்துக்கெழம கட்டித் தாரேன்" என்றார். "ஆனா ஒண்ணு. பாதியில கூட்டம் எந்திரிச்சுச்சுன்னா நான் பாட்டுத் தட்டப் போட்டுருவேன். அதுக்கப்புறம் இந்த மைக்க நீ தொடக் கூடாது. என் செட்டுக்குன்னு ஒரு பேரு இருக்குலே."

ரேடியோ எப்போது திரும்பி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதுவரைக்கும் எனக்கு ஒரு நிலையம் கிடைத்திருந்தது. கூட்டம் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது என்னுடையது.

கதையை ஒரே மூச்சில் எழுதினேன். கஞ்சத் தீப்பெட்டி முதலாளி, அவரை வாட்டி எடுக்கும் மனைவி, அவரைத் தீர்த்துக்கட்ட அலையும் பங்காளி. ஆண் குரல்கள் அத்தனையும் நான். மனைவிக்கு என் மதினியைக் கேட்டேன். மதினி கம்பெனியில் திரி வைக்கிறவர். எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசிப்பார்.

"மொகம் தெரியாதுல்ல கொழுந்தனாரே?"

"அலுவலகத்துக்குள்ள உக்காந்து பேசுறதுதான. எப்படித் தெரியும்?"

"அப்பச் சரி. ஒங்க அண்ணன ஏசுற மாதிரி நெனச்சுக்கிடுதேன்."

மதினியின் குரல் தெரியாதவர் ஊரில் யாரும் இல்லை. ஆனாலும் முகம் தெரியவில்லை என்பதால் எல்லோரும் மரியாதையாக, யாரோ பேசுவதைப் போலவே கேட்டுக்கொண்டார்கள். என் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோ பேசுவதைப் போலவே சிரித்தார்.

முதல் வாரம் பங்காளி முதலாளியைச் சுட்டான். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மண்பானைக்குள் அசல் வெடியைப் போட்டு, மைக்கை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். குழாயில் அது இடி போல விழுந்தது. மதினி "ஐயோ, என் ராசா!" என்று அலறினார். வெளியே ஒரு பெண் சந்தோஷமாகச் சொன்னாள்: "இது எங்க கம்பெனி சரக்கு!"

"ஒங்க கம்பெனிச் சரக்கு இம்புட்டுச் சத்தம் எங்கன போடுது? இது நாங்க சுத்துனது."

"பந்தயம் கட்டுவமா?"

மேலுறைக் காகிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்ல, பாதிக் கூட்டம் எழுந்து பானையைத் தேடிப் பின்பக்கம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே அவர்கள் குனிந்து காகிதம் பொறுக்க, உள்ளே மதினி சாகிற முதலாளிக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பாட்டுத் தட்டைப் போட்டார்.

"என் மைக்குக்குக் காது போச்சுலே" என்றார் பிறகு.

மதினிதான் பேசினார். "எந்திரிச்ச கூட்டம் வீட்டுக்கா போச்சு அண்ணாச்சி? நாடகத்துக்குப் பின்னாலதான வந்துச்சு. இன்னும் ஒரு வாரம் விடுங்க."

அண்ணாச்சி அந்த வாதத்தை வெகுநேரம் யோசித்தார். ஒரு வாரம் கொடுத்தார். வெடி கூடாது என்றார்.

அந்தக் குண்டை ஊர் குண்டாகவே ஏற்றுக்கொள்ளாததால் முதலாளியைப் பிழைக்க வைத்துவிட்டேன். இரண்டாவது வாரம் அவர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, பங்காளி கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய வெடியை வைத்துத் திரியைப் பற்றவைக்கிறான். மைக்குக்கு முன்னால் தீக்குச்சியைக் கிழித்தேன். பிறகு காகிதத்தில் மணலை மெல்லச் சரித்தேன். திரி எரிந்து ஓடுவது போலவே குழாயில் கேட்டது. மணல் தீர்ந்ததும், ஊதி வைத்திருந்த காகிதப் பையை ஓங்கி அறைந்தேன்.

பையில் ஓட்டை. சத்தமே வரவில்லை.

வேறு பை இல்லை. குறட்டை விடவும் மறந்துபோனேன். பாட்டுத் தட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஊர் அசையாமல் இருந்தது. பிள்ளைகளின் தோளில் தாய்மார்களின் கை இறுகியிருந்தது. துண்டை உதற எடுத்த ஒருவர் எடுத்தபடியே நின்றார். ஒருவர் இருமலை விழுங்கினார். திரி எரிந்து முடிந்து, வெடிக்க வேண்டியது வெடிக்கவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள், கிட்டப் போகவும் மாட்டார்கள். வெடித்ததைவிட வெடிக்காததற்குத்தான் பயம். திரும்பினால், அண்ணாச்சி தன் சொந்த ஆம்ப்ளிஃபயரை விட்டு விலகிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அலற வேண்டிய மதினியும் அலறவில்லை. தாளைப் பிடித்தபடி அவரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு இவ்வளவுதான் என்று மைக்கில் சொன்னேன். கலைந்த கூட்டம் குழாய் கட்டிய கம்பத்துக்குக் கிட்டப் போகாமல் சுற்றி ஒதுங்கிப் போயிற்று.

மறுநாள் கம்பெனியில் வேறு பேச்சே இல்லை என்று மதினி வந்து சொன்னார். பங்காளி பிடிபட்டானா என்று யாரும் கேட்கவில்லையாம். சாயங்காலம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார்.

"ஏலே, அது வெடிச்சுச்சா இல்லையா?"

"ஞாயித்துக்கெழம கேளுங்க அண்ணாச்சி."

"நான் மைக் செட்டுக்காரன்லே. எனக்குமா?"

"ஒங்களுக்குந்தான்."

"சீக்கிரமே வந்து கட்டிருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது சிக்கல் எனக்குத்தான். வெடித்தது என்றால் சத்தம் போட வேண்டும். போட்டால் காகிதம் பொறுக்கப் போய்விடுவார்கள். வெடிக்கவில்லை என்றால் காரணம் வேண்டும். எழுதி எழுதிக் கிழித்துப்போட்டுக் கடைசியில் கண்டுபிடித்தேன்: மழை. முதலாளி கஞ்சத்தனத்தில் கூரை ஓடுகளை மாற்றவில்லை. ஒழுகி, திரி வெடியைத் தொடும் இடத்தில் நனைந்துவிடுகிறது. முறத்தில் கம்புத் தானியத்தைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அசல் மழை.

மதினியிடம் ஆட்டிக் காட்டினேன். பாதிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முற்றத்துக்கு ஓடினார். அங்கே ஒட்டிய தீப்பெட்டிக் கூடுகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கொழுந்தனாரே, ஊருல எல்லார் வீட்டு வாசல்லயும் கூடு காயுது. மழைன்னா ஒருத்தர் உக்காந்திருக்க மாட்டாக."

அதுதான் விஷயம். எழுந்து ஓடினால் என் மழை மழைதான். ஆனால் மைக் போய்விடும். உட்கார்ந்திருந்தால் மைக் இருக்கும். மழை, பலகைத் தட்டலாகிவிடும். வானத்தைப் பார்ப்பார்கள், ஆனால் எழுந்திருக்க மாட்டார்கள் என்கிற ஒரு அளவு நடுவில் எங்கோ இருக்க வேண்டும். கம்பை விட்டுவிட்டு எள்ளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதலில் தூறல்தான் போடப்போகிறேன். அண்ணாச்சி பாட்டுத் தட்டுப் பக்கம் நகர்கிறாரா, வானம் பார்க்க ஜன்னல் பக்கம் நகர்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன்.