கைப்பேச்சுக்கு ஒரு டார்ச்

மகள் கூரியரில் அனுப்பிய பெட்டியைப் பிரித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. டார்ச் அனுப்பியிருக்கிறேன் என்று அவள் சொன்னதும், மூன்று பேட்டரி போட்டு, கையில் பிடித்தால் தடி மாதிரி இருக்குமே, அதைத்தான் நினைத்திருந்தேன். வந்தது என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கறுப்பு நிறம். பேனா போலச் சட்டைப்பையில் செருக ஒரு கிளிப். அடிப்பக்கம் தட்டை. போன் சார்ஜர் வயரைச் செருக ஓரத்தில் ஒரு துளை. உள்ளங்கையில் வைத்து மூடினால் கைக்குள் இருப்பதே தெரியவில்லை.

“இன்னா நைனா, வந்துச்சா?” என்று மகள் போன் செய்தாள். அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள்.

“வந்துச்சும்மா. சின்னதா இருக்குதே, எரியுமா?”

“மூஞ்சிக்கு நேரா வச்சி அடிச்சிடாத. கண்ணு கூசும்.”

அதற்கு முன்பே அடித்துவிட்டிருந்தேன். பார்க்கும் சுவரெல்லாம் பச்சைப் பொட்டாகத் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை.

“எத்தினி தட்டு தட்டுனா எவ்ளோ வெளிச்சம் வரணும்னு அதுல நீயே செட் பண்ணிக்கலாம் நைனா.”

“டார்ச்சுல இன்னாத்த செட் பண்றது? அடிச்சா எரியணும், அமுக்குனா அணையணும்.”

“அய்ய, உன்கிட்ட சொன்னேன் பாரு. அம்மாகிட்ட குடு. அம்மா பண்ணிடும்.”

எனக்காகத்தான் வாங்கி அனுப்பியிருந்தாள். செஞ்சியில் நெல் மண்டியில் மூட்டை வாய் தைப்பது என் வேலை. அறுவடைக் காலத்தில் விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். எங்கள் வீடு கோட்டை மலைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. மழை பெய்தால் பாறை இடுக்கிலிருந்து பாம்பு பாதைக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

என் மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வாய்ப்பேச்சும் இல்லை. சின்ன வயதில் சிஸ்டர்கள் நடத்தும் காது கேளாதோர் பள்ளியில், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். கையசைவால் பேசும் கைப்பேச்சு அங்கே கற்றது. கல்யாணம் ஆனபோது எனக்கு அது ஒன்றும் தெரியாது. “பொண்ணு பேசாது, பையன் பேசமாட்டான், சண்டையே வராது” என்று தரகர் சொல்லிச் சிரித்தார். உண்மைதான், எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பத்தாவது வரை படித்தேன். அந்தப் பத்து வருடத்தில் வகுப்பில் எழுந்து பேசியது பத்து முறை இருக்காது. ஆனால் அவளிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்ட பிறகு ஒன்று தெரிந்தது. கைக்குக் கூச்சம் இல்லை. வாயில் வராததெல்லாம் கையில் வந்தது.

அவளும் நானும் கையால் சொல்வதை வாயால் பேசுவதுபோலவே இங்கே எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷனை ‘நீங்க’ என்பார்கள். கைப்பேச்சில் ஒரு விரலை நீட்டினால் ‘நீ’, அவ்வளவுதான். கல்யாணமான முதல் நாளிலிருந்தே நான் அவளுக்கு ‘நீ’.

டார்ச்சை அவளிடம் கொடுத்தேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் எழுத்தெல்லாம் எறும்பு அளவு, அதுவும் இங்கிலீஷ். அவள் எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தாள். பட்டனை விடாமல் பத்து முறை தட்டினால் டார்ச் ஒரு முறை சிமிட்டும். பிறகு அதுவாகவே ஒவ்வொரு வெளிச்சமாகக் காட்டிக்கொண்டு போகும். வேண்டிய வெளிச்சம் வரும்போது ஒரு தட்டு தட்டினால், ஒரு தட்டுக்கு அந்த வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளும். அதேபோல் இரண்டு தட்டுக்கு ஒன்று, மூன்று தட்டுக்கு ஒன்று. நான் முயன்றபோது ஏழாவது தட்டிலோ எட்டாவது தட்டிலோ எண்ணிக்கை தவறி, அது போலீஸ் வண்டி மாதிரி மின்ன ஆரம்பித்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. விளக்கு சிமிட்டுவதைப் பார்த்து எண்ணுவது அவளுக்குப் புதிதா? சமையல்கட்டில் இருக்கும் அவளைக் கூப்பிட நாங்கள் ஸ்விட்சைத்தானே இரண்டு முறை போட்டு அணைப்போம்! சாயங்காலம் நான் வந்ததும் காட்டினாள். ஒரு தட்டுக்கு மெழுகுவத்தி அளவு வெளிச்சம். இரண்டு தட்டுக்குக் கொஞ்சம் கூட. மூன்று தட்டினால் கண் பறிக்கும் பெரிய வெளிச்சம், எதிர்ப் பாறையில் உட்கார்ந்திருந்த ஆந்தை வரைக்கும் தெரிந்தது.

“பெருசு முதல்ல இருக்க வேணாமா? எனக்குப் பாம்பு தெரியணுமே” என்றேன்.

“மூணு தட்டு தட்டறதுக்குள்ள பாம்பு ஓடிடாது” என்றாள்.

சின்ன வெளிச்சத்தை ஏன் முதலில் வைத்தாள் என்று நான் யோசிக்கவில்லை.

இனி எழுதுவது எனக்குப் பெருமை தருவதல்ல. எங்கள் வீட்டில் சண்டை முடிவதற்கு ஒரு வழி இருந்தது. அவள் ஏதாவது கேட்டு, எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால், எழுந்துபோய் லைட்டை அணைத்துவிடுவேன். மற்ற வீடுகளில் லைட்டை அணைத்தால் பொண்டாட்டி இருட்டிலும் திட்டுவாள். எங்கள் வீட்டில் இருட்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் கை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் வளையல் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அதுவும் நிற்கும். நான் அவளை அடித்ததில்லை, கத்தியதில்லை. “உங்க ஊட்ல சத்தமே கேக்காதுப்பா, குடுத்து வச்சவ அவ” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும்போது நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படி நினைத்திருக்கிறேன்.

மகள் வீட்டில் இருந்தவரை பரவாயில்லை. அம்மாவும் மகளும் கையாலேயே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். மகள் சென்னைக்குப் போன பிறகு என் மனைவிக்குப் பேச நான் ஒருவன்தான்.

டார்ச் வந்த அதே வருடம் அவளுடைய பள்ளித் தோழி வீடியோ கால் செய்தாள். அதே பள்ளியில் இப்போது டீச்சராக இருப்பவள். தையல் சொல்லித்தரும் டீச்சர் ஓய்வு பெறுகிறார், நீ வருகிறாயா என்று கேட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியிலேயே தங்க வேண்டும், சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடலாம். என் மனைவி நன்றாகத் தைப்பாள். இந்தத் தெருவில் பாதி ரவிக்கை அவள் தைத்ததுதான்.

என்னிடம் முதல் முறை சொன்னபோது “பார்க்கலாம்” என்றேன். இரண்டாம் முறை லைட்டை அணைத்தேன். மூன்றாம் முறை அவள் ஆரம்பிக்கும்போதே எழுந்துவிட்டேன்.

நாலாம் முறை நான் அணைக்கவில்லை. ஐப்பசி மழை, காற்று வேறு. சாப்பிட்டு முடித்து அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “தோழி நாளைக்குப் பதில் கேக்கறா” என்று கையால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாயை விரித்துப் படுக்கலாம் என்று இருட்டில் கையால் துழாவினேன்.

அப்போது தரையில் வெளிச்சம் வந்தது. டார்ச்சை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், தட்டையான அடிப்பக்கத்தில் நிமிர்த்தி நிற்க வைத்திருந்தாள். மெழுகுவத்தி அளவு வெளிச்சம் மேலே கூரையில் பட்டு, அங்கிருந்து அறை முழுக்க இறங்கியது. கண் கூசவில்லை. விடியற்காலையில் முகம் தெரியுமே, அந்த அளவு. அவள் கை இரண்டும் நன்றாகத் தெரிந்தன.

“இப்ப சொல்லு” என்றாள்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“அங்க எல்லாரும் கையால பேசறாங்க. பிள்ளைங்க, டீச்சருங்க, சமையல் பண்ற அம்மாகூட. இங்க எனக்கு யாரு? கடையில சீட்டு எழுதிக் காட்டறேன். கல்யாண வீட்டுல சிரிச்சிக்கிட்டே உக்காந்திருக்கேன். பேசறதுக்கு நீ ஒருத்தன். நீயும் லைட்ட அணச்சிடற.”

சண்டைபோலச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் வேண்டுமென்றே அணைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. கண்ணுக்கு முன்னால் அணைக்கிறேன், தெரியாமல் எப்படி இருக்கும்? தூக்கம் வந்து அணைக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

“சமையலுக்கு யாரு?” என்றேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருசம் நீயே பொங்கித் தின்னவன்.”

“ஊர் இன்னா சொல்லும்? பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிட்டு இவன் மட்டும் ஊட்ல இருக்கிறான்னு.”

“ஊரு சொல்றது எனக்குக் கேக்காது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் டார்ச்சை என் பக்கம் ஒரு சாண் நகர்த்தி வைத்தாள். என் கைமேல் வெளிச்சம் கூடியது.

“இதெல்லாம் இல்ல. வேற ஏதோ இருக்குது. அத சொல்லு” என்றாள்.

சொன்னேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியவில்லை. நீ போய்விட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை நான் யாருடனும் பேசமாட்டேன் என்றேன். மண்டியில் மெஷின் சத்தம், தலையை ஆட்டினால் போதும். டீக்கடையில் ஒரு விரல் காட்டினால் ஒரு டீ. மகள் போனில் கேட்பதற்கு ‘ம்’ என்பேன். நான் முழுசாக ஒரு விஷயம் பேசுவது உன்னிடம் மட்டும்தான். எனக்கும் நீ ஒருத்திதான்.

அவள் மெல்லச் சொன்னாள். “என் பேச்சு உனக்குச் சலிச்சிப்போச்சின்னுதான் நீ லைட்ட அணைக்கறன்னு நெனச்சேன்.”

“சலிக்கல. பதில் தெரியாதப்போ அணைப்பேன்.”

“பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்.”

“இனிமே சொல்றேன்.”

அந்த நேரம் கரண்ட் வந்தது. டியூப்லைட் இரண்டு முறை மினுக்கிப் பளிச்சென்று எரிந்தது. என் முகம் நனைந்திருந்தது. ஒரு ஆம்பளை, ஐம்பதைத் தொடப்போகிறவன், துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினேன். அவள் எழுந்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவள் போய் ஸ்விட்சை அணைத்தாள். திரும்ப வந்து அந்தச் சின்ன வெளிச்சத்தில் என் எதிரில் உட்கார்ந்து, நான் முகம் துடைத்து முடிக்கும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போ” என்று நான் சொன்னது அதற்குப் பிறகுதான்.

கார்த்திகை பிறந்ததும் கிளம்பினாள். முந்தின நாள் சாயங்காலம் டார்ச்சை எடுத்து, பட்டனைப் பத்து முறை தட்டிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“பெரிய வெளிச்சத்த முதல்ல வைக்கறேன். நான் இல்லாதப்போ உனக்குப் பேச்சுக்கு லைட்டு எதுக்கு? பாம்புக்குத்தான் வேணும்.”

“சின்னதே முதல்ல இருக்கட்டும். சனிக்கிழமை வருவே இல்ல?” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

பள்ளிக்கு நானும் கூடப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கியபோது காலை இடைவேளை. மணல் முற்றத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியைப் பார்த்ததும் தோழி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இன்னும் நாலைந்து டீச்சர்கள் வந்தார்கள், பெரிய பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். என் மனைவி பேச ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. முதலில் அது வேறு ஏதோ கைப்பேச்சு என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தேன். வீடு, மழை, பஸ், மகள், எல்லாம் எனக்குத் தெரிந்த அதே அசைவுகள்தான். ஆனால் ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது, ஒரு கை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகமும் தோளும் இன்னொன்றைச் சொல்லின. சுற்றி நின்றவர்கள் அதே வேகத்தில் பதில் சொன்னார்கள். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

நடுவில் என் ஞாபகம் வந்து என் பக்கம் திரும்பினாள். அவள் கை மாறியது. அகலமாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “பசிக்குதா? சாப்டுட்டு, பஸ் ஏறு.”

அதுதான் அவளுடைய வேகம் என்று இருபத்தைந்து வருடமாக நினைத்திருந்தேன். அவள் எனக்காக மெதுவாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“என்கிட்டயும் அவங்ககிட்ட பேசறா மாதிரி வேகமாப் பேசு” என்றேன்.

“உனக்குப் புரியாது.”

“புரியலன்னா கேக்கறேன்.”

அவள் இரண்டு கையையும் தூக்கி, வேகமாக, என்னென்னவோ சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. திருப்பிச் சொல்லச் சொன்னேன்.