வேட்டியை வெட்டிய அம்மா

காலை எட்டு மணிக்குத் திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கிப் பல்லடம் பஸ் பிடித்தேன். பதினைந்து கிலோமீட்டர்தான். தனியார் பஸ்ஸின் பாட்டுச் சத்தத்தில் கண்டக்டர் கேட்டது காதில் விழவில்லை.

சிறுவயதில் படித்த ஒரு சிறுவர் நாவல்தான் என்னை அங்கே இழுத்தது. உலகப் போர்க்காலம். பல்லடம் பக்கத்து நெசவுக் குடும்பம். அப்பா பட்டாளத்துக்குப் போய்விடுகிறார். அவருடைய கல்யாண வேட்டியை வெட்டி அம்மா மகளுக்குப் பாவாடை தைக்கிறாள். அதோடு கதை முடிந்துவிடும்.

அதைப் படித்தபோது என் அப்பா மஸ்கட்டில் இருந்தார். கதையில் வந்த அம்மா, புருஷன் இனி வரமாட்டான் என்று முடிவுகட்டிவிட்டாள் என்றே நினைத்தேன். பயந்துபோய் அப்பாவின் சட்டைகளை என் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

போன மாதம் என் மகள் அதே நாவலைப் படித்துவிட்டு, "ஏம்மா வெட்டினாங்க?" என்றாள். பதில் தேடிப் போனேன். போர்க்காலத்தில் துணிப் பஞ்சம் என்று நூலகத்தில் படித்தேன். நெசவாளி வீட்டிலுமா? தோழி ஒருத்தி, பல்லடத்தில் பழைய நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த மரகதம் அம்மாளைப் பார்க்கச் சொன்னாள்.

பத்து மணிக்கு அவர் வீட்டில் இருந்தேன். விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடு. எழுபத்தைந்து வயது, தறிச் சத்தத்துக்குப் பழகிய உரத்த குரல்.

"ஊட்டுக்குள்ள வா கண்ணு. மொதல்ல காப்பி குடி."

கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"எங்க ஊட்டுலயும் இதேதான். நூலு கெடச்சாத்தான நெய்யறது? தறி சும்மா கெடந்துச்சாம். அம்மாவும் அத்தையும் வெளிய போறதுக்கு ஒரே சீலைய மாத்தி மாத்திக் கட்டியிருக்கறாங்க. அக்கா வளந்த புள்ள. பட்டாளத்துக்குப் போன அப்பாவோட வேட்டியத்தான் வெட்டுனாங்க."

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்பா திரும்பி வந்தாருங்களா?"

"வராம நான் எங்கிருந்து வந்தேன்? சண்டை முடிஞ்சு பொறந்தவ நான்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் குரல் தணிந்தது.

"வந்த அன்னைக்கு அக்கா பாவாடையப் பாத்து, 'கரை நல்லாருக்குதே, எங்க எடுத்தீங்க?'ன்னாராம். அம்மா அடுப்படிக்குப் போயி அழுதாங்களாம்."

"அப்புறம் சொன்னாங்களா?"

"கடேசி வரைக்கும் அப்பாகிட்டச் சொல்லவே இல்ல கண்ணு."

மதியச் சோறு போட்டுத்தான் அனுப்பினார். திரும்பும் வழியில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் வெட்டித் தள்ளிய துண்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

சாயங்கால ரயிலில் நாவலைப் பிரித்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அந்த அம்மா கத்தரிக்கோலை எடுக்கும் இடம் வந்தது. சிறுவயதில் வந்த பயம் இப்போது வரவில்லை. அவர் வந்துவிடுவார் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.